சனிக்கிழமைப் பால்

“இனிமே கை நீட்ட மாட்டேன்” என்று ஒருவன் பொய்யாகச் சொன்னால், அந்தக் காப்பகத்தில் இருக்கிற பாலெல்லாம் திரிந்துவிடும். அடுப்பில் இருப்பது, டம்ளரில் ஊற்றியது, ஃப்ரிட்ஜில் பிரிக்காமல் கிடக்கிற பாக்கெட், எதுவும் தப்பாது. வீட்டில் அடிபட்டு வந்த பெண்களும் பிள்ளைகளும் தங்குவதற்கென்று ஓர் அறக்கட்டளை நடத்திய மாடிவீடு அது. குறை சொல்லக்கூடாது, படுக்கை சுத்தமாக இருக்கும், வேளைக்குச் சாப்பாடு வரும், வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். ஆனால் சனிக்கிழமை விடிந்தால் அந்த மூன்றையும் அவர்களே திறந்து, எவனுக்குப் பயந்து பெண்கள் ஓடிவந்தார்களோ அவனையே உள்ளே அழைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துச் சமரசம் பேசுவார்கள். பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைத்ததற்காக யாரோ கொடுத்த கேடயம் கூடத்துச் சுவரில் தொங்கியது. கர்மம், அதைத் தினமும் துடைக்க ஓர் ஆள் வேறு.

பால் திரிகிற பழியை அறக்கட்டளையின் கமிட்டி முதலில் பால்காரன் தலையில் கட்டியது. பால்காரனை மாற்றினார்கள், பாத்திரத்தை மாற்றினார்கள், அடுப்பைக்கூட மாற்றினார்கள். எதிரே வந்து உட்காருகிற ஆளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். கடைசியில் கமிட்டியின் தலைவியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமைகளில் பால் வாங்குவதையே நிறுத்திவிட்டார். பிள்ளைகளுக்கு அன்று பால் கிடையாது, பெரியவர்களுக்கு வெறும் டீ. அதன்பிறகு சமரசமெல்லாம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் பாதிப்பேர் முன்னைவிட மோசமாக அடிபட்டுத் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வரவே இல்லை. அவளுக்காகக் கமிட்டி எழுந்து நின்று மௌனமாக இருந்துவிட்டு, பிறகு உட்கார்ந்து டீ குடித்தது. த்தூ.

தையல்காரி வந்தது அந்தக் காலத்தில்தான். இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் ஆறு வயது மகள், மகளின் வலதுகையில் மாவுக்கட்டு. அவள் புருஷன் மருந்துக்கடை வைத்திருந்தான். தானே அடித்து, தானே பஞ்சு வைத்துத் துடைத்து, தானே களிம்பு போடுகிற ரகம். சனிக்கிழமை வந்தவன் பளிச்சென்று சட்டை போட்டு, கையில் பொம்மையோடு உட்கார்ந்தான். “புள்ள மாடிப்படியில விழுந்துடுச்சும்மா. தூக்கிட்டு ஓடினதே நான்தான்” என்று கண்ணைக் கசக்கினான். தலைவியம்மா உருகிப்போனார். “ஆம்பளைன்னா கொஞ்சம் முன்கோபம் இருக்கத்தாம்மா செய்யும். ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டுத் தனியா என்ன பண்ணப்போற?” என்று தையல்காரியைக் கேட்டார். அவளுடைய பையை அவர்களே கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். தலையை ஆட்டினால் போதும், கிளம்பிவிடலாம். மகள் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். போக்கிடம் இல்லாத தையல்காரி, மடியில் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, மெல்லத் தலையை ஆட்டத் தொடங்கினாள்.

அப்போது அவன், “எம் புள்ளைங்க மேல சத்தியமா இனிமே கை நீட்ட மாட்டேன்” என்றான். வீட்டில் வேறு பால் இல்லை, இருந்தது அது ஒன்றுதான். குழந்தை வெடுக்கென்று வாயை எடுத்து ஓங்கரித்தது. மார்பிலிருந்து கட்டிகட்டியாக, பச்சை நீர் பிரிந்து, புளித்த நாற்றத்தோடு போர்த்தியிருந்த துண்டெல்லாம் வழிந்தது. தலைவியம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மீட்டிங்குக்கு முன்னாடியே பால் குடுத்துட்டு வந்திருக்கக் கூடாதாம்மா?” என்றார். அட, சொன்னாரய்யா! தையல்காரி குழந்தையின் வாய்க்குள் விரல்விட்டு ஒரு கட்டியை எடுத்தாள். அதைப் புருஷனின் டீயில் போட்டாள். “இது எம்புள்ள வயித்துக்குப் போற பாலு. இதையும் கெடுத்துட்ட. நான் வரல, போ” என்றாள். சத்தியம் செய்த வாய் மூடுவதற்குள் அவன் கை நீண்டு அவள் முடியைப் பிடித்தது. கமிட்டி உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து இறங்கிவந்த பெண்கள்தான் அவனை வெளியே தள்ளி மூன்று தாழ்ப்பாளையும் போட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் தையல்காரிக்குப் பால் சரியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை பெண்கள் யாரும் கீழே இறங்கவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் இறங்கவில்லை. கேடயத்தைத் தலைவியம்மா வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். கமிட்டி கலைந்து வேறொன்று வந்தது, குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போனான், கீழே கூடத்தில் ஏழு தையல் மெஷின்கள் வந்தன. இப்போதும் எவனாவது பேச வேண்டுமென்று வந்தால் உட்கார வைக்கிறார்கள். தையல்காரியின் மகள்தான் பாலைக் காய்ச்சி அவன் முன்னால் ஒரு டம்ளர் வைக்கிறாள். அவள் வலதுகை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது, ஆனாலும் சிந்துவதில்லை. அவன் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாக நிற்கிறாள். பிறகு, “குடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க” என்கிறாள். இதுவரை ஒருவனும் குடித்ததில்லை.