போர்டு பார்த்து ஏறவும்

"போர்டு பாத்து ஏறுங்கய்யா! ஏறிட்டு அப்புறம் என் உயிரை வாங்காதீங்க!"

பஸ் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தான். உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்கம்மா போகுது?" என்று கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணை என்ன பிடரியிலா வைத்திருக்கிறார்கள்?

என் மகன் கல்லூரியில் ஆங்கில வாத்தியார். அவனுக்கு எங்கோ தொலைவில், குளிர் பிரதேசத்தில் பெரிய வேலை கிடைத்தது. விமானத்தில்தான் போகவேண்டும். அந்தப் பேச்சு வந்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை, என்னை விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று. வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை. ஒருநாள் அவன் அடுப்படியில் மருமகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அம்மாவுக்கு போர்டிங் கன்ஃபார்ம் ஆயிடுச்சு."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போர்டிங் என்றால் விமானம் ஏறுவது; அதுகூடத் தெரியாத ஜென்மமா நான்? அன்றைக்கே கடைக்குப் போய்த் தடியாக ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். எதிர் வீட்டுக்காரியிடம் காட்டி, "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று அவள் பிள்ளையையும் சேர்த்து இடித்துவிட்டு வந்தேன். டிக்கெட் இல்லாமல் ஒருத்தரையும் வண்டியில் விடாதவள், என் டிக்கெட் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை.

கிளம்புகிற நாளும் வந்தது. மருமகள் வாசலோடு நின்றுகொண்டாள். "இன்னும் சாமான் கட்டணும் அத்தை, நீங்க முன்னாடி போங்க" என்றாள், தரையைப் பார்த்து. அந்த வெயிலில் நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். மகன் ஸ்வெட்டரைப் பார்த்தான். என் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தான்.

வழியில் நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். "ஏன்டா, எங்க பஸ்ல போர்டுன்னா நெத்தியில மாட்டுறது. ஏறுறதுக்கு ஏன்டா போர்டிங்னு பேரு வெச்சான்?"

வார்த்தை என்று வந்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "போர்டுன்னா பலகைம்மா. அந்தக் காலத்துக் கப்பலுக்குப் பக்கமெல்லாம் பலகைதான். அதைத் தாண்டி உள்ள போனா போர்டிங். அப்புறம் ரயிலு, விமானம்னு எல்லாத்துக்கும் அதே பேரு ஒட்டிக்கிச்சு." கியரை மாற்றினான். குரல் இறங்கிவிட்டது. "சாப்பாடு வெக்கிற மேசையும் பலகைதானேம்மா? அதனால ஒரு இடத்துல தங்க வெச்சு சாப்பாடு போட்டா, அதுக்கும் போர்டிங்னுதான் பேரு."

"அடேங்கப்பா! ஒரு பலகைக்குள்ள இவ்வளவு சமாசாரமா!" என்றேன். பெற்ற வயிறு குளிர்ந்துபோனது. என் பிள்ளையின் படிப்பைப் பாருங்கள் என்று ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லலாம்போல இருந்தது.

கார் ஒரு இரும்புக் கதவின் முன் நின்றது. மேலே போர்டு இருந்தது.

முதியோர் இல்லம். போர்டிங் வசதி உண்டு.

"என்னடா இது?"

ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் போர்டிங்னுதானேம்மா சொன்னேன்."

"ஸ்வெட்டரைப் பாத்தியேடா பாவி! அப்பவாவது வாயைத் திறந்தியா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

வார்த்தை வார்த்தையாகப் பிரித்து மேய்கிறவனுக்கு அம்மாவிடம் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லையாம்! ஊருக்கெல்லாம் போர்டு பார்க்கச் சொன்னவள், பெற்ற பிள்ளை வண்டிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

நான் இறங்கி நின்றேன். பெட்டியை இறக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தான். காரில் உட்கார்ந்தான், ஆனால் கிளப்பவில்லை. நான் ஏதாவது சொல்லவேண்டுமாம். சொன்னால் நிம்மதியாகப் போவானாம்.

சொன்னேன். காரின் பக்கவாட்டுத் தகரத்தில் படபடவென்று தட்டினேன்.

"போலாம், ரைட்!"

கண்டக்டரைக் கீழே விட்டுவிட்டு வண்டி கிளம்பியது.