ஸ்டெஃபிக்கு யார் சொல்கிறார்கள்?

அந்தோணியார் சுரூபம் உடைந்ததற்கு எலிதான் காரணம் என்று சின்னப்பராஜ் சொன்னபோது, அவருடைய பாதி உடம்பு இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

மகள் ஸ்டெஃபி சாயங்காலம் அந்தோணியார் முன்னால் உட்கார்ந்து யாரோடு பேசுகிறாள் என்று ஒளிந்திருந்து கேட்பது அவருடைய திட்டம். கவிழ்ந்த லாரிகளைத் தூக்கி நிறுத்தும் கிரேன் ஆபரேட்டருக்குக் கட்டிலுக்கு அடியில் நுழைவது பெரிய காரியமா? நுழைந்துவிட்டார். வயிறு மட்டும் கொஞ்சம் ஆட்சேபித்தது. பிள்ளை வந்தாள், உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர, அவர் துள்ள, மண்டை பலகையில் இடிக்க, கட்டில் நகர்ந்து பீடத்தின் மேல் மோதியது. அந்தோணியார் தரைக்கு வந்தார். அவர் கையிலிருந்த குழந்தை இயேசு தனியே கழன்று பீரோவுக்கு அடியில் உருண்டு போனார்.

"எலி," என்றார் சின்னப்பராஜ்.

"தெரியுது," என்றாள் மனைவி அருள்ராணி. "மீசையக்கூட பாத்தேன்."

ஸ்டெஃபி பீரோவுக்கு அடியில் கைவிட்டுக் குழந்தையை எடுத்தாள், கவுனில் துடைத்தாள், அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வைக்கு நிஜமாகவே எலியாகப் பிறந்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது.

சந்தேகம் அவருக்குத் தொழிலில் ஒட்டிக்கொண்ட வியாதி. தொப்பூர் மலை இறக்கத்தில் கவிழ்ந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற எந்த டிரைவரும் "கண்ணசந்துட்டேன்" என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் பிரேக்தான் பிடிக்கவில்லை. முதலில் வருகிற பதிலை நம்பக்கூடாது என்று அவர் கற்றுக்கொண்டது அங்கேதான். இன்னொன்றும் கற்றிருந்தார்: மலையில் சாவு விழுந்த நாளில் அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கிரேன் ஷெட்டிலேயே குளித்து, சட்டை மாற்றி, முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டுதான் படியேறுவார்.

அப்படி ஏறிய ஒரு நாள் ஸ்டெஃபி அந்தோணியார் முன்னால் அழுதுகொண்டே, "யாரோ செத்துட்டாங்கம்மா," என்றாள். அன்று மலையில் ஒரு லாரி கிளீனர் செத்திருந்தான். அடுத்த தடவையும் சரியாக அழுதாள். சாவு இல்லாத நாட்களில் அழவில்லை. பிள்ளை எப்போதுமே அப்படித்தான். வகுப்பில் வேறொரு குழந்தை அடி வாங்கினால் இவளுக்குக் காய்ச்சல் வரும். ஆனால் இது காய்ச்சல் இல்லையே.

அருள்ராணி தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். இண்டூரில் சனிக்கிழமை தோறும் செபக்கூட்டம் நடத்தும் ஜோசப் ராஜ் அன்றே வந்து நின்றார்.

"இது வரம் மாப்ள. ஆண்டவரே புள்ள காதுல சொல்றாரு. மேடையில நிக்கவெச்சு, ஜனங்க தலையில கைய வெக்கச் சொல்லலாம்."

"மச்சான், அவ பல்லு வெளக்க நான் கெஞ்சறேன். அத ஆண்டவரு சொல்லக் கூடாதா?"

ஜோசப் ராஜ் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். ஸ்டெஃபி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் தலையைச் சுற்றி மஞ்சள் வட்டம். அதைப் பார்த்த அன்று பிள்ளை சோறு வேண்டாம் என்றாள். மறுநாளும் வேண்டாம் என்றாள். சின்னப்பராஜ் சோற்றுத் தட்டை மூடிவைத்தார். ஊருக்காக அழ வைத்தே பிள்ளையை உருக்கிவிடுவார்கள். இதற்குப் பின்னால் இருக்கும் ஆளைச் சனிக்கிழமைக்குள் பிடித்தாக வேண்டும்.

முதல் சந்தேகம் மச்சான் மேல்.

"நேராவே கேக்கறேன். எங்க ஷெட்டுல உங்களுக்கு ஆள் இருக்கா?"

"எல்லாம் அவரு சித்தம் மாப்ள."

இரண்டாவது சந்தேகம் மனைவி மேல். அவள் மாவு அரைக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தார். மாவு மில், அண்ணன், சிலிண்டர்காரர், அண்ணன், அண்ணன். துப்பு ஒன்றும் இல்லை. போனைத் தலைகீழாக வைத்ததில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"பாப்பாவுக்கு நீதான் சொல்லிக் குடுக்கறியா?"

"ஏங்க, எனக்கே நீங்க ஒண்ணும் சொல்றதில்ல. நான் எங்கிருந்து சொல்லிக் குடுக்கறது?"

இதுவும் பிரேக் பிடிக்காத பதில்தான் என்று முடிவு கட்டினார். அந்தோணியாரைச் சந்தேகப்படலாம் என்றால், உடைத்த பிறகு அந்த உரிமையும் போய்விட்டது.

ஒருவேளை தன் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறாளோ? அதையும் சோதித்தார். ஒன்றுமே நடக்காத ஒரு நாளில், கண்ணாடி முன்னால் பழகிக்கொண்ட இழவு முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். ஸ்டெஃபி ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயிறு சரியில்லையாப்பா?" என்று ஓமவாட்டர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள். அந்த வழியும் அடைபட்டது.

சனிக்கிழமை விடியும்போதே போன் வந்தது. தொப்பூரில் ஒரு வேன். முன்சீட்டில் உயிரில்லாமல் ஒரு தாய். கிரேன் கொக்கியை மாட்டும்போது அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றார். ஷெட்டில் இரண்டு தடவை சோப்புப் போட்டார்.

வீட்டு வாசலில் மச்சானின் கார் நின்றது. வெள்ளைக் கவுனில் ஸ்டெஃபி தயாராக நின்றாள்.

"என்ன மச்சான், இவ்ளோ வெள்ளையா சட்ட? சோப்புக் கம்பெனிக்காரன் பாத்தா உங்களத் தூக்கிட்டுப் போயிருவான்! அருளு, இட்லியா இது, ஜல்லியா? ரோட்டுல கொட்டுனா குழி மூடிரும்!" சின்னப்பராஜ் இட்லிப் பாத்திரத்தைத் தட்டி ஒரு பாட்டுகூடப் பாடினார். அருள்ராணி சிரித்தாள். ஜோசப் ராஜ்கூடச் சிரித்துவிட்டார்.

ஸ்டெஃபி மெல்ல நகர்ந்து பீடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஆரம்பிச்சிருச்சு!" என்று ஜோசப் ராஜ் போனை எடுத்து வீடியோ பிடித்தார். "பாப்பா, மாமாவப் பாரு. யாருன்னு சொல்றாரா? பேரு சொல்றாரா?"

பிள்ளை முகத்தைக் கவுனில் மூடிக்கொண்டாள். சின்னப்பராஜ் மச்சானின் கையிலிருந்து போனைப் பிடுங்கி இட்லிப் பாத்திரத்துக்குள் போட்டு மூடினார். பிறகு மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வாய்க்கு ஒரு ஜோக் வந்தது, விழுங்கிவிட்டார். இத்தனை நாளும் ஊரையெல்லாம் கேட்டாரே தவிர, இவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"உனக்கு யாரு பாப்பா சொல்றாங்க? மாமாவா, அம்மாவா, சாமியா? யாரா இருந்தாலும் அப்பா திட்ட மாட்டேன்."

ஸ்டெஃபி மாமாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லலப்பா. நீங்கதான். செத்துட்டாங்கன்னா அன்னிக்கு நீங்க ரொம்ப ஜோக் அடிப்பீங்க. நிறுத்தவே மாட்டீங்க. எல்லாரும் சிரிப்பாங்க, எனக்கு மட்டும் இங்க நெஞ்சுல வலிக்கும். அவங்களுக்காக யாராச்சும் அழுவணும்ல? அதான் நான் வந்து அழுவுறேன். கூட்டத்துக்கெல்லாம் நான் வர்லப்பா. நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க. எனக்குத் தனியா முடியல."