ரேடியேட்டர் மூடி

என் தங்கை வீட்டுப் பழைய காரில் பத்து நாளாக இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் நிற்கவில்லை. ஊற்ற ஊற்ற எங்கோ ஒழுகியது. மெக்கானிக் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். போனதுமே மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்டீயரிங்கைப் பிடிக்கத் தெரிஞ்சா மட்டும் போதுமா மாப்ள? இப்படிப் போட்டு அடிச்சு ஓட்டினா இன்ஜின் என்னத்துக்கு ஆகும்?"

தங்கை முன்னாலேயே கேட்டேன். அவர் போய் பானட்டைத் திறந்துவிட்டார். அவள் முகம் சுண்டி, டீ போட உள்ளே போனாள்.

ரேடியேட்டர் வாயில் பம்பைப் பொருத்திக் காற்றடித்தேன். அழுத்தம் ஏறியதும் கீழ் ஹோஸ் குழாயின் முனையிலிருந்து வெளிறிய பச்சைத் தண்ணீர் சொட்டியது. கையை விட்டுத் தடவினேன். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளையமே அதை அறுத்திருந்தது. போன மாதம் சரியான அளவு கையில் இல்லாமல், இது போதும் என்று நானே இறுக்கிய கிளாம்ப்.

"ஒழுக ஆரம்பிச்ச அன்னைக்கே பாத்துட்டேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "நீங்க மாட்டினதாச்சே, எப்படிச் சொல்றதுன்னு தினமும் தண்ணி ஊத்தியே ஓட்டினேன்."

என்னால் தலை நிமிர முடியவில்லை. அறுந்த முனையை வெட்டி, சரியான கிளாம்ப் போட்டு, மறுபடி காற்றடித்தேன். சொட்டவில்லை.

தங்கை டீயோடு வந்தாள். "என்னண்ணே கோளாறு?"

அவர் முந்திக்கொண்டார். "நான்தான் ரேடியேட்டர் மூடிய சரியா மூடாம விட்டுட்டேன்."

"எங்கண்ணன் அப்பவே சொன்னாருல்ல!" என்று அவர்மேல் பாய்ந்தாள்.

பழைய கிளாம்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நான் டீயைக் குடித்தேன்.