நாலு வரிசை ரேடியேட்டர்

என் மாமியார் முதன்முதலாக என் பட்டறைக்கு வந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டு ஒரு லாரி ரேடியேட்டரை அமுக்கிப் பிடித்திருந்தேன். காற்றடைத்த ரேடியேட்டரைத் தண்ணீருக்குள் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி வரும். அந்தக் குமிழியைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழிலில் பாதி. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்கை மறைத்துத் துணி, தலையில் எண்ணெய்க் கறை படிந்த தொப்பி என்று நான் இருந்த கோலத்தில் என்னைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். பின்னால் தெருவில் அவருடைய பழைய கார், பானெட் இடுக்கு வழியாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்பா, மாப்பிள்ளை இருக்காரா?" என்று என்னிடமே கேட்டார்.

துணியைக் கீழே இழுத்தேன். "நான்தான் அத்தை."

"அய்யய்யோ" என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?" என்றார். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

எட்டு வருடங்களுக்கு முன் எங்கள் கல்யாணத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லாமல் ஒரே மகளைப் படிக்கவைத்தவர். "ஓட்டை அடைக்கிறவனுக்கா நான் பொண்ணு வளர்த்தேன்?" என்று அவர் கேட்டதாக என் மனைவியே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. தொழிலை அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லையே. பதிவு அலுவலகத்துக்குப் பெண் வீட்டிலிருந்து வந்தது ஒரே ஒருவர், மாமியாரின் தங்கை. தபால் அலுவலகத்தில் கவுன்ட்டர் வேலை, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மனைவி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் சித்திதான். சாட்சிக் கையெழுத்துப் போடும்போது அங்கிருந்த குமாஸ்தா, "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். "அம்மா மாதிரி" என்றார் சித்தி. "மாதிரின்னெல்லாம் எழுத முடியாதும்மா." "அப்ப சித்தின்னு போடுங்க. சின்ன அம்மான்னுதானே அர்த்தம்? நான் பொய் சொன்னதா ஆகாது." அன்று அந்த அறையில் எங்களுக்காகச் சிரித்த ஒரே முகம் அவருடையது.

குழந்தை பிறந்த பிறகு மாமியார் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டார். வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாப்பிள்ளை. அந்த மரியாதையைத் தாண்டி உள்ளே போகத்தான் எனக்கு இத்தனை வருடங்களில் வழி தெரியவில்லை.

காரை உள்ளே தள்ளிவந்து, சூடு ஆறக் காத்திருந்து, பார்த்தேன். ஐம்பது வயதுக் கார். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். முன்னும் பின்னும் பெஞ்சு போல நீளமான ஒரே இருக்கை. ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரிடம் வாங்கி, வெள்ளைச் சீருடையோடு தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர் மாமியார். எஞ்சினில் கோளாறு இல்லை, பெல்ட் சரி, தண்ணீர் பம்ப் சரி. திரும்ப ஓடவிட்டு ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். ஓரிடம் சுட்டது, அடுத்த இடம் ஜில்லென்றிருந்தது. கோர் என்று நாங்கள் சொல்லும் நடுப்பகுதியில் தண்ணீர் போகும் குழாய்கள் இரண்டே வரிசை. அதிலும் பாதி, உப்பு படிந்து அடைத்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஒழுகின பதினொரு குழாய்களை ஈயம் வைத்தே மூடியிருந்தான்.

"இதைக் கழுவிப் பிரயோஜனம் இல்லை அத்தை. வேற கோர் போடணும். பெருசா, நாலு வரிசையா போட்டா இனிமே சூடே ஏறாது. விட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் நிதானமா பண்ணிடறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் மாப்பிள்ளை."

"அதுவரைக்கும் என் வண்டியை எடுத்துக்கங்க. இல்லேன்னா நானே ஓட்டிட்டு வர்றேன்."

"அதுல அவளால படுக்க முடியாது."

"யாரால?"

கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார். "சித்தியால."

நின்றபடியே சொல்லி முடித்தார். ஒரு நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்வதுபோல, குரலில் ஏற்ற இறக்கமில்லாமல். மார்பில் கட்டி. மூன்று மாதமாக வைத்தியம் நடக்கிறது. கவுன்ட்டரில் வேலை அதிகம் என்று சித்தி இத்தனை நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வராதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் கீமோ. மருந்து ஏறின பிறகு சித்தியால் உட்கார்ந்து வர முடியாது. இந்தக் காரின் பின் இருக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம், நடுவில் மேடு இல்லை, பெல்ட் கொக்கி குத்தாது. போன தடவை மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவொன்றில் கார் கொதித்து நின்றுவிட்டது. வெயிலில் இரண்டு மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வாடகைக் காரில் போய்விட்டு, வழியெல்லாம் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தபடி சித்தி வந்தாராம்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல அத்தை?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சொன்னா அவன் கடையைச் சாத்திட்டு ஆஸ்பத்திரி வாசல்ல வந்து உக்காந்துடுவான்னு சொன்னா."

உட்கார்ந்திருப்பேன்தான். கையைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். அப்புறம் தொட்டியில் கிடந்த லாரி ரேடியேட்டரைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

புதன்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே மாமியார் வந்துவிட்டார். "வீட்ல சும்மா உக்காந்திருந்தா பயமா இருக்கு" என்றார். ஸ்டூல் ஒன்றைத் துடைத்துப் போட்டேன். பத்து நிமிடம்தான் உட்கார்ந்திருப்பார். தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, இறைந்து கிடந்த என் ஸ்பேனர்களையெல்லாம் அளவுப்படி வரிசையாக அடுக்கினார். அதன்பிறகு நான் காருக்கடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டினால் போதும், கேட்ட சாமான், கைப்பிடி என் பக்கமாக, உள்ளங்கையில் வந்து விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு உதவியாள் எனக்கு வாய்த்ததில்லை.

சின்ன லாரிக்கென்று வாங்கி வைத்திருந்த நாலு வரிசைக் கோர் ஒன்று இருந்தது. அதை அளவுக்குக் குறைத்தேன். மேல் டாங்கும் கீழ் டாங்கும் பழையதே இருக்கட்டும் என்றார் மாமியார். கோர் தடிமனாகிவிட்டதால் இரண்டுக்கும் பித்தளைத் தகட்டில் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. அப்படியே வைத்தால் ஃபேன் இடிக்கும். முன்பக்கத் தகரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "வெட்டாம முடியாதா?" என்றார். முடியும், ஆனால் வேலை அதிகம். இரண்டு இரும்புப் பட்டை வளைத்து, துளை போட்டு, ரேடியேட்டரை ஓர் அங்குலம் முன்னால் தள்ளி உட்காரவைத்தேன். நாலு இறக்கை ஃபேனைக் கழற்றிவிட்டு ஆறு இறக்கை மாட்டினேன். காற்று சிதறாமல் இருக்க அதைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு.

டாங்குக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் அதைச் சொன்னார். விளக்கைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே குனிந்திருந்தார்.

"அவ அன்னைக்குக் கையெழுத்துப் போட்டதுக்கு, ரெண்டு வருஷம் நான் அவகூடப் பேசல. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அந்த இரண்டு வருடங்களில் சித்தி எங்கள் வாடகை அறைக்கு வராத வாரம் இல்லை. பக்கெட் வாங்கிவருவார், திரைச்சீலை தைத்துக் கொண்டுவருவார், நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்து கவுன்ட்டருக்கு வருகிறவர்களைப்போல நடித்துக் காட்டுவார். உங்க அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டால், "அவளுக்கென்ன, மகாராணி" என்பார்.

"தினம் சாயங்காலம் கேட் கிட்ட வந்து நிப்பா. நான் ஜன்னலைச் சாத்துவேன்" என்றார் மாமியார். "அந்த ரெண்டு வருஷத்தை இப்ப யார்கிட்ட போய்க் கேக்கறது, சொல்லுங்க."

ஈயம் உருகி ஓரமெல்லாம் ஓடி, பளபளத்து, மங்கி இறுகியது. "விளக்கைக் கொஞ்சம் கிட்ட பிடிங்க அத்தை" என்றேன். பிடித்தார். விளக்கு நடுங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. தொட்டியில் அமுக்கிப் பார்த்ததில் ஒரு குமிழி இல்லை. காரில் பூட்டி, ஹோஸ் மாட்டி, கூலண்ட் ஊற்றி, சாவியைத் திருப்பப் போனேன்.

"நில்லுங்க!"

பட்டறையே அதிர்ந்தது. மாமியார் செய்தித்தாளின் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஏழு ஸ்பேனர் கொடுத்தேன். ஆறுதான் வந்திருக்கு."

"எங்கயாவது கிடக்கும் அத்தை. பட்டறைன்னா அப்படித்தான்."

"உள்ள வெச்சுத் தைச்சுட்டு அப்புறம் தேடக் கூடாது."

தியேட்டரில் இந்தக் குரலுக்கு எத்தனை டாக்டர்கள் கத்தியைக் கீழே வைத்திருப்பார்களோ. நான் சாவியை எடுத்துவிட்டு இறங்கினேன். டார்ச்சை அடித்துத் தேடினோம். நான் செய்த தகரக் கூட்டின் அடி விளிம்பில், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் சாவகாசமாகப் படுத்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பியிருந்தால் ஃபேன் அதை வாரி அடித்துப் புதுக் கோரைக் கிழித்திருக்கும். வேறு கோர் கைவசமில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

அவருக்குப் போட்டிருந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்துவிட்டேன். "ரொம்ப நன்றி அத்தை" என்றேன். நன்றி என்ற சொல்லையெல்லாம் வீட்டு மனிதர்களிடம் யார் சொல்கிறார்கள்? மேடையில் சொல்வது அது. வாய் தவறி வந்துவிட்டது. இரண்டு பேருக்குமே கூச்சமாகப் போனது.

"முப்பத்தோரு வருஷம் எண்ணியிருக்கேன்" என்றார், ஸ்பேனரைத் துடைத்தபடி. "ஒரே ஒரு தடவைதான் கத்தரி ஒண்ணு குறைஞ்சுது."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. டாக்டரோட சட்டைப் பையில."

சிரித்தோம். அவரோடு சேர்ந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். செவ்வாய்க்கிழமையே விஷயம் தெரிந்து அழுது தீர்த்த என் மனைவி, தலையணையும் போர்வையும் கொடுத்தனுப்பினாள். அடுத்த முறை அவள் வருவதாக ஏற்பாடு. சித்தி தன் வீட்டு வாசலில் தயாராக நின்றார். தலையில் இறுக்கிக் கட்டிய துணி, பாதியாக இளைத்த தோள். குரல் மட்டும் அதே குரல். "கடையைச் சாத்திட்டியா மாப்ள? சொன்னேன்ல அக்கா, இவன் வந்து நிப்பான்னு!"

"சாத்தல சித்தி. லீவுன்னு போர்டு மாட்டியிருக்கேன்."

மாமியார் ஓட்டினார். நான் பக்கத்தில், காலுக்கிடையில் ஒரு கேன் தண்ணீரோடு. மலை ஏற ஆரம்பித்ததும் என் கண் சூடு காட்டும் முள்ளைவிட்டு நகரவில்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. முள் பாதிக்கு வந்தது. முன்னால் ஒரு சுமைலாரி ஊர்ந்துகொண்டிருந்ததால் முதல் கியரிலேயே போக வேண்டியிருந்தது. ஒரு ரேடியேட்டருக்கு அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. முள் பாதியைத் தாண்டி ஒரு நூல் ஏறியது. மாமியாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் மூச்சே விடாம வர்றீங்க?" என்றார் சித்தி பின்னாலிருந்து. "வண்டியாவது விடுதா?"

முள் அந்த ஒரு நூலிலேயே நின்றுவிட்டது. போன தடவை கார் நின்ற வளைவு எதுவென்று நான் கேட்கவில்லை. ஓரிடத்தில் மாமியார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை மட்டும் லேசாகத் தளர்ந்தது. அப்போது தெரிந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தபோது மாமியார் டாக்டரைப் பார்க்கப் போனார். நான் சித்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை உங்ககூட ரெண்டு வருஷம் பேசலயாமே. எங்களால. ஒரு வார்த்தை சொல்லலயே சித்தி."

சித்தி கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். "சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? என்னைப் பார்க்கும்போதெல்லாம் கடன்பட்டவன் மாதிரி எழுந்து நின்னிருப்ப. வேலை முடிஞ்சு போய்ச் சிரிச்சுப் பேச எனக்கு ஒரு வீடு வேணும்னு இருந்துது. அவ வீட்டுக் கதவு சாத்தியிருந்துது, உங்க வீடு திறந்திருந்துது. நீங்க ரெண்டு பேரும் மட்டும் இல்லேன்னா அந்த ரெண்டு வருஷம் நான் எங்க போயிருப்பேன்?"

சித்தி செய்ததற்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்று நான் எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதை அவர் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஊசி ஏறாத பக்கத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. மாமியார் வரும்வரை அப்படியே இருந்தோம்.

திரும்பும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சித்தி பின் இருக்கையில் காலை முழுக்க நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனார். அடுத்த முறை சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னதாக மாமியார் மெல்லிய குரலில் சொன்னார். கார் குலுங்கக் கூடாதென்று இரண்டாவது கியரிலேயே, ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து, மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவன் ஹாரனை விடாமல் அடித்தான். மாமியார் திரும்பிப் பின் இருக்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, போங்க போங்க என்று மெதுவாக வீசினார். ஒரு பஸ் கடந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எங்கள் காரைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்கள். இரண்டு லாரிகள், ஒரு பால் வண்டி, ஹாரன் அடித்தவன், எல்லோரும் கடந்தார்கள். சாலை காலியான பிறகும் அவர் கையை உள்ளே எடுக்கவில்லை, ஜன்னலைச் சாத்தவும் இல்லை. விரல்கள் விரிந்து, காற்றில் அப்படியே நீண்டிருந்தது அந்தக் கை.