அடிமரத்தில் ஒரு வளையம்

தையல்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்காரம்மாவின் கொய்யா மரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, பிசிறே இல்லாமல் சுற்றிலும் பட்டையை உரித்திருந்தார். பதியம் போட்டு ஒரு கன்று எடுத்துக்கொள்ள அந்த அம்மாவே சம்மதித்திருந்தார். தாவரவியல் டீச்சரான மனைவி காலையில் சொல்லிவிட்டுப் போனபடியே எல்லாம் செய்தாயிற்று.

மாலையில் அவள் வந்தாள். பார்த்தாள். கைப்பை நழுவி விழுந்தது.

“கிளையில பண்ணாம அடிமரத்துலயா பண்ணுவாங்க?”

“நீ எங்க கிளைன்னு சொன்ன? இலையைப் பாரு, ஜம்முனு இருக்கு.”

“இருக்கும். தண்ணி உள்கட்டை வழியா மேல போகுதே. ஆனா இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ இறங்கணும். வேர் பட்டினி கிடந்தே செத்துடும். அப்புறம் மரமும்தான்.”

அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். ஒரு பழுத்த இலை விழுந்தாலே மாடியிலிருந்து விசாரணைக்கு இறங்கி வருபவர் வீட்டுக்காரம்மா. மரம் பட்டுப்போனால் பதினொரு வருடம் இருந்த வீடும் போச்சு, வாசல் அறைத் தையல் கடையும் போச்சு.

திடீரென்று அவள் துள்ளினாள். “குச்சியால பாலம் கட்டலாங்க, சாப்பாடு அது வழியா இறங்கிடும்! உங்க கைக்கு வரும்!”

அதே மரத்தில் பென்சில் கனத்தில் நான்கு குச்சிகளை வெட்டினார்கள். நுனி இரண்டையும் சாய்வாகச் சீவி, ஒன்றைக் காயத்துக்கு மேலும் மற்றதைக் கீழும் பட்டைக்கடியில் செருக வேண்டும்.

“பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வழவழன்னு ஓர் ஏடு இருக்குல்ல, அங்கதான் புது செல் பிறக்கும். குச்சியோட ஏடும் அதை ஒட்டி உட்காரணும். தலைகீழா வச்சிடாதீங்க, பிடிக்காது!”

ஆயுள் முழுக்கத் தையலோடு தையல் பொருத்தியவர். அவர் கை பிசகவில்லை. மெழுகு பூசி, எலாஸ்டிக் சுற்றி, மேலே சாக்கைக் கட்டி, பூச்சி வராமலிருக்க என்று வீட்டுக்காரம்மாவிடம் புளுகினார்.

நாற்பதாம் நாள் காலை சாக்கை அவிழ்த்தார். மூன்று குச்சிகள் பச்சென்று இருந்தன. இணைப்பில் புதுச்சதை புடைத்து மரத்தோடு மரமாகியிருந்தது.

“பிடிச்சிடுச்சு! ஏய், பிடிச்சிடுச்சு!”

மனைவி பல் துலக்கிய நுரையோடு ஓடி வந்தாள். இருவரும் குதித்த குதியில் மாடியை மறந்துவிட்டார்கள். திரும்பினால் வீட்டுக்காரம்மா பின்னால் நிற்கிறார்.

“நான்தாம்மா அறுத்தேன். புத்தி கெட்டுப்போய்...”

அந்த அம்மா மரத்துக்குக் கிட்டே வந்தார். குனிந்து, குச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“இது ஒண்ணு காஞ்சிருக்கே?”

“ஆமாம்மா.”

அந்த அம்மா எக்கி ஒரு கிளையை வளைத்துப் பிடித்தார்.

“இந்தக் கனம் போதுமா பாருங்க.”

தையல்காரர் கத்தியோடு நெருங்கினார். இலைகளில் தங்கியிருந்த பனிநீர் மூவர் தலையிலும் பொலபொலவென்று உதிர்ந்தது.