பெயர் தெரியாத விதவையின் நாற்பது வினாடிகள்

1

இந்தக் கதை என் மேசை இழுப்பறையில் கிடைத்தது. ஸ்டேப்ளர் பின் தேடிக் கையை விட்டேன். சிவப்புக் காகிதத்தில் வெட்டிய ஒரு சின்ன வட்டம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மார்னி எஸ்ட்லோவின் பொத்தான். போன ஜூன் மாதம் அதைத் தரையிலிருந்து பொறுக்கி உள்ளே போட்டவள் நான்தான். அதை மறந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டவளும் நான்தான்.

முதல் வரியை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

'டெலவேர் ஆற்றின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த...' ஜூன் மாதத்தில் என்ன பனி? அடித்துவிட்டேன்.

'மூன்று ஜார்ஜ் வாஷிங்டன்கள் ஒரே டோனட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது...' இது உண்மை. ஆனால் உங்களைச் சிரிக்கவைத்துவிட்டு நைசாக நழுவப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. இதுவும் வேண்டாம்.

2

தெற்கு நியூ ஜெர்சியில், கண்ணாடித் தொழிற்சாலையை நம்பி இருக்கிற ஒரு சிற்றூரில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாட்டின் ஆரம்பகால வரலாறும் குடிமையியலும் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தொன்பது வருடமாக. பிள்ளைகளுக்கு நான் மிஸ் டில்டன்.

ஒவ்வொரு ஜூனிலும் விளையாட்டுக் கூடத்தில் மெழுகுக் கண்காட்சி நடத்துவோம். ஆளுக்கொரு வரலாற்று மனிதராக வேடம் போட்டு, மெழுகுச் சிலை மாதிரி அசையாமல் நிற்பார்கள். புறங்கையில் சிவப்புக் காகிதப் பொத்தான். பார்க்க வருகிறவர் அதை அழுத்தினால் சிலை உயிர் பெற்று நாற்பது வினாடி பேசும், பிறகு மறுபடி உறைந்துவிடும். ஆசிரியர் யாரும் அழுத்தக் கூடாது. 'நான் அழுத்தினா அது பரீட்சை. ஊர்க்காரங்க அழுத்தினாத்தான் அது பேச்சு' என்று வருடாவருடம் பெருமையாகச் சொல்வேன். இந்த விதியை வகுத்தது வேறு யாருமில்லை, நான்தான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

இங்கே ஒரு சிக்கல். எழுத எழுத மார்னி பாவப்பட்ட பிள்ளையாக வந்துவிடுகிறாள். அவள் அப்படி இல்லை. வகுப்பில் கையைத் தூக்க மாட்டாளே தவிர, மணி அடித்ததும் என் மேசைக்கு வந்து சண்டை போடுவாள். பெரிய மாநிலத்துக்கும் சின்ன மாநிலத்துக்கும் செனட்டில் ஒரே இரண்டு இடம்தானா என்று ஒரு வாரம் என்னை விடவில்லை. (அவளுடைய அம்மா மெய்ன் மாநிலத்தில் இருக்கிறாள். அது வேறு கதை, இங்கே வராது.)

கண்காட்சிக்கு அவள் எழுதிவந்த தலைப்பு: 'பெயர் தெரியாத விதவை, 1797.'

எங்கள் மாநிலத்தில் அந்தக் காலத்திலேயே, சொத்து இருந்தால், விதவைகளும் கல்யாணமாகாத பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். 1807இல் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். பாடத்தில் இது ஒரு பத்தி. பிள்ளைகள் தாண்டிப் போகிற பத்தி.

"ஓட்டுப் போட்ட பொம்பளைங்க பேரெல்லாம் சில பட்டியல்ல இருக்கு மார்னி. அதுல ஒருத்தரை எடுத்துக்கோயேன்."

"பேர் இருக்கிறவங்களை யாராவது எடுத்துக்குவாங்க மிஸ். பட்டியல் தொலைஞ்சு போன ஊர்ல போட்டவங்க?"

"அவங்க என்ன பேசினாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் எழுதுறேன்."

நல்ல பதில். ஆனால் நான் அவள் தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் 'ஆதாரம் எங்கே?' என்று எழுதி, பத்து மதிப்பெண் குறைத்து, திருப்பிக் கொடுத்தேன். மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தேன், அதில் இருந்த ஒரு வரிகூட இப்போது நினைவில் இல்லை. அவள் திருத்தி எழுதியதை என்னிடம் காட்டவே இல்லை.

[அடிக்குறிப்பு: இட்டுக்கட்டியதற்காக ஒரு பிள்ளையிடம் பத்து மதிப்பெண்ணைப் பிடுங்கியவள் இப்போது உட்கார்ந்து கதை எழுதுகிறாள். நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.]

4

கண்காட்சி ஒன்பது மணிக்கு. வாஷிங்டன்கள் முன்னால் வரிசை நின்றது. பஞ்சு விக் வைத்த பையன்கள் தொண்டை கட்டும்வரை பேசினார்கள். மார்னி மூலையில், கறுப்புத் துணி போர்த்தி, மடித்த காகிதம் ஒன்றைப் பிடித்தபடி நின்றாள். அது ஓட்டுச் சீட்டு. வருகிறவர்கள் அவள் அட்டையைப் படிப்பார்கள், பெயர் இல்லை என்று பார்ப்பார்கள், அடுத்த சிலைக்குப் போவார்கள். அவள் கண் மட்டும் கதவிலேயே இருந்தது. அவளுடைய அப்பா வெர்ன், தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருவதாகச் சொல்லியிருந்தார்.

பத்தரைக்கு மணி அடித்தது. விக்குகள் பறந்தன. மார்னி அசையவில்லை.

"மணி அடிச்சாச்சும்மா."

உதடு அசையாமல் சொன்னாள்: "இன்னும் யாரும் அழுத்தல மிஸ்."

ஒரு விரல். அவ்வளவுதான் தேவைப்பட்டது. வெளியே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். நான் வகுத்த விதி என் முன்னால் நின்றது. "சரி, வா, மேசையை மடக்கலாம்" என்றேன். அவள் மூலையிலிருந்து வந்து மேசையை மடக்கினாள். பொத்தான் கீழே விழுந்தது.

5

வெர்ன் எஸ்ட்லோ பத்து ஐம்பதுக்கு வந்தார். மார்னி கணக்கு வகுப்புக்குப் போய்விட்டிருந்தாள்.

"மாத்து ஆள் வரல டீச்சர். சூளையை அப்படியே விட்டுட்டு வர முடியல. எல்லாம் முடிஞ்சு போச்சா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது. "உங்க பொண்ணு பிரமாதமா பேசினா மிஸ்டர் எஸ்ட்லோ. எல்லாரும் அசந்துட்டாங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்படியா. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பேசும். நான் உள்ள வந்தா நிறுத்திடும். அன்னிக்குக் கேட்டுக்கோன்னு சொல்லிடும். நான் ஒரு வரிகூடக் கேட்டதில்ல."

மறுநாள் மணி அடித்தபின் மார்னி என் மேசைக்கு வந்தாள். கோபமாகக்கூட இல்லை.

"யார் யார் கேட்டாங்க, என்ன சொன்னாங்கன்னு எங்கப்பா ரெண்டு தடவை சொல்லச் சொன்னார் மிஸ்."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதையேதான் சொன்னேன். அவர் சந்தோஷமா இருந்தார்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆதாரம் எங்க மிஸ்?"

6

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அப்பா பத்து இருபதுக்கே வந்து பொத்தானை அழுத்துகிறார். மார்னி பேசுகிறாள், கூடமே... இல்லை. வரவில்லை.

கூடத்தைப் பெருக்குகிற ஊழியர் ஓர்வில், கை ஈரமாக இருப்பதால் முழங்கையால் அழுத்துகிறார். அழகாக இருக்கிறது. ஆனால் ஓர்வில் அன்றைக்கு விடுப்பு.

பல வருடம் கழித்து, எங்கள் ஊர் வாக்குச்சாவடியான தீயணைப்பு நிலையத்தில் ஓட்டுப் போடப் போகிறேன். மேசைக்குப் பின்னால் மார்னி. 'உங்க பேர்?' என்று கேட்கிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

மூன்றிலும் ஒரே கோளாறுதான். எதிலுமே நான் அழுத்தவில்லை. அப்புறம், அவள் பேசுகிற இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. அந்த விதவை என்ன சொன்னாள் என்று மார்னிக்கு மட்டும்தான் தெரியும்.

7

இப்போது மணி ஒன்று ஐம்பது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உயர்நிலைப் பள்ளியை இரண்டு பத்துக்கு விடுவார்கள். மார்னி இப்போது அங்கேதான் படிக்கிறாள். செவ்வாய்க்கிழமை வெர்னுக்கு ஓய்வு நாள். சாம்பல் நிறப் பிக்கப் வண்டியில் அவளை அழைத்துப்போக வருவார். இன்று செவ்வாய். எனக்குக் கடைசி வகுப்பு இல்லை.

முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். ஒத்திகை பார்த்துக்கொண்டேன்: "மிஸ்டர் எஸ்ட்லோ, அன்னிக்கு உங்க பொண்ணு பேசல. யாரும் கேக்கல. நானும்தான் கேக்கல." மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, வேறென்ன.

பொத்தானையும், அதை அவள் புறங்கையில் ஒட்டப் பசைக்குச்சியையும் எடுத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். 'மறந்து போச்சு மிஸ்' என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறலாம். ஏறட்டும். அவள் எதைச் செய்தாலும் அதற்கு ஆதாரம் இருக்கும்.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். நாற்பது வினாடி அளவு. நான் அதை நிரப்பப் போவதில்லை, நீங்களும் தயவுசெய்து நிரப்பாதீர்கள். முடிவு என்ன என்று யாராவது கேட்டால், டீச்சர் அதைக் கேட்கத்தான் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

[                    ]