எட்டு மூட்டை மணல்

காரின் மூக்கு சாய்தளத்தில் மறுபடியும் இடித்தது.

"நிறுத்துக்கா. இன்னும் ரெண்டு பலகை கொடுக்கணும்," என்று முன்னால் நின்று கையைக் காட்டினார் பத்தாம் நம்பர்.

அவள் பிரேக்கை மிதித்தாள். மணி ஒன்பது ஐம்பது. கிளம்பும்போது நர்ஸ் வாசல் வரைக்கும் கூடவே வந்து சொன்னது காதிலேயே இருந்தது. 'தூரமா எங்கயும் போயிடாதீங்க.'

மூன்று தெரு தள்ளியிருக்கும் கார் சக்கரங்களை நேராக்கும் தன் சொந்தக் கடைக்குத்தான் வந்திருக்கிறாள். தூரம் என்று சொல்ல முடியாது. பக்கம் என்றும் சொல்ல முடியவில்லை.

பத்தாம் நம்பர் அவளைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் கடை அவளுடையது என்பதால் அவருக்கும் அக்காதான். வாழ்க்கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தவிர வேறு எதையும் தொலைக்காத மனிதர். அதைத் தினமும் தொலைப்பார். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். பலகைகளைச் செருகிவிட்டு வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துப் பார்த்தார்.

"இப்ப வா. மெதுவா. ஒரு விரல் கேப் இருக்கு."

கார் ஏறியது.

கார் தம்பியுடையது. தெருவில் அதற்குப் பெயர் பல்லி. மூன்று வருஷத்துக்கு முன் ஸ்பிரிங்கை மாற்றி, தரையோடு தரையாக இறக்கிவிட்டான். "மத்த கார்ல ஏறணும். இவன் கார்ல மட்டும் இறங்கணும்," என்று அம்மா சலித்துக்கொள்வாள். வேகத்தடை வந்தால் நண்டு மாதிரி கோணலாகக் கடப்பான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் சந்தோஷமாகக் கையசைப்பான்.

இறக்கிய மறுவாரமே அவளிடம் வந்து நின்றான்.

"அலைன்மென்ட் பண்ணிக் குடுக்கா. இடது பக்கம் இழுக்குது."

அவள் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். நான்கின் தலைகளும் உள்ளே சாய்ந்திருந்தன, மூட்டு தேய்ந்தவன் நிற்கிற மாதிரி.

"பழைய உயரத்துக்குக் கொண்டு வா. அப்புறம் மெஷின்ல ஏத்துறேன்."

"எவன் எவன் காரையோ நேராக்குற. என் காரை ஆக்க மாட்டியா?"

"உன் கார் நேராத்தான் இருந்துச்சு. நீதான் கெடுத்த."

அவ்வளவுதான் பேச்சு. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அவன் இறங்கி வரவில்லை, அவளும் வரவில்லை. வேறு கடைகளுக்குப் போனான். எல்லாரும் அளவெல்லாம் சரி என்று பச்சை பச்சையாக ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்து அனுப்பினார்கள். கார் இடது பக்கமே இழுத்தது. பண்டிகை, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். கார் பேச்சு மட்டும் வராது.

நேற்று சாயங்காலம் வந்தது.

தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி நாலு நாள் ஆகியிருந்தது. 'இனி வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்க' என்று டாக்டர் சொன்னபோது யாரும் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. தலையணையில் கிடந்தபடி தம்பி சொன்னான்:

"ஒரே ஒரு தடவைக்கா. நம்ம தெருவுலேர்ந்து பெரிய ரோடு வரைக்கும். ஸ்டீயரிங்கை விட்டா நேரா போகணும். நான் டிரைவர் சீட்ல இருப்பேன். நீ பக்கத்துல."

"உக்காரவே முடியலையேடா உன்னால."

"உக்கார்றது என் கவலை. நேராக்குறது உன் கவலை."

அதனால்தான் இந்த ஒன்பது ஐம்பது.

அவள் வேகமாக வேலையில் இறங்கினாள். நான்கு சக்கரங்களிலும் கிளாம்ப் மாட்டி, கேமரா பார்க்கும் தட்டுகளைப் பொருத்தினாள். முன்சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டபோது விரலில் எதுவோ குத்தியது. வெளியே புது டயர் மாதிரி கொழுகொழுவென்றிருந்தது. உள் விளிம்பில் ரப்பரே இல்லை, கம்பி தெரிந்தது. மூன்று வருஷம் இதில்தான் ஓட்டியிருக்கிறான். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

விரலைத் துணியில் துடைத்தாள்.

"மூட்டை?" என்று கேட்டார் பத்தாம் நம்பர்.

"எட்டும்."

சாதாரணக் காருக்கு இது வேண்டாம். இறக்கிய காரில் ஒரு ஆள் ஏறினாலே கணக்கு மாறும். அதனால் ஓட்டுகிறவரின் எடையை சீட்டில் வைத்துத்தான் அவள் கடையில் அளவு பார்ப்பார்கள். ஆரம்ப காலத்தில் மூட்டை கிடையாது. தம்பிதான். எண்பது கிலோ ஆள். எந்தக் கார் வந்தாலும் அவனைத் தூக்கி சீட்டில் போடுவாள். வாரப் பத்திரிகை படித்துக்கொண்டு, நொறுக்குத் தீனி தின்றுகொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று பழைய சீட் கவரைக் கிழித்து, தானே தைத்து, மணல் நிரப்பி எட்டு மூட்டை கொண்டுவந்து இறக்கினான். ஒவ்வொன்றும் பத்து கிலோ. 'இந்தா, எனக்குப் பதிலா ஆளு. தின்னாதுங்க.'

எட்டையும் அடுக்கிவிட்டு, பானெட்டை மூன்று தடவை அமுக்கி விட்டாள். கார் குலுங்கி அடங்கியது. மெஷினின் திரை விழித்தது.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

பின்சக்கரங்கள் அரை மணி நேரத்தில் வழிக்கு வந்தன. முன்னால் இடது பக்கமும் வந்தது. டிரைவர் பக்கம்தான் முரண்டு பிடித்தது. சக்கரத்தின் தலையை வெளியே தள்ளுகிற போல்ட்டை அவள் திருப்பத் திருப்பத் திரையில் சாய்வின் எண் இறங்கியது. இரண்டு டிகிரி. ஒன்று எண்பது. ஒன்று அறுபது. ஒன்றரைக்குள் வந்தால் பச்சை.

ஒன்று ஐம்பத்தாறில் போல்ட் நின்றுவிட்டது. அதற்குமேல் மரை இல்லை.

சக்கரத்தை இன்னும் வெளியே தள்ள வேறு பாகம் வேண்டும். உதிரிபாகக் கடைக்குப் போன் செய்தாள்.

"நீளமான ஆர்ம் வேணும். இந்த மாடலுக்கு."

"நாளை மறுநாள் வந்துரும் மேடம்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு எப்படி மேடம்? வண்டியிலதான் வந்துட்டிருக்கு."

போனை வைத்தாள். நாளை மறுநாள். சாதாரணமான ஒரு வார்த்தை.

பத்தாம் நம்பர் தொண்டையைச் செருமினார். "அக்கா. கிளாம்பை ஒரு நூல் தளத்தி மாட்டுனா பச்சை வந்துரும். எல்லாக் கடையிலயும் பண்றதுதான். அவன் இருக்குற நிலைமையில என்ன தெரியப் போவுது?"

"அவனுக்குத் தெரியும்."

அப்போது போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, காரை விட்டுட்டு வந்துருங்க. மூச்சு ஒரு மாதிரியா வாங்குது."

"கொஞ்சம்தான் பாக்கிம்மா. இதோ வந்துர்றேன்."

"அந்த இரும்பு எங்கயும் ஓடிப் போயிடாது அண்ணி."

அந்த அறையில் அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. போர்வையை இழுத்துவிடலாம். மறுபடியும் இழுத்துவிடலாம். இங்கே கையில் ஒரு ஸ்பேனராவது இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது?

"இருங்க, ஏதோ கேக்குறார். காதுல வெக்கிறேன்."

முதலில் மூச்சு வந்தது. பின்னாலேயே குரல், வாளியின் அடியிலிருந்து வருகிற மாதிரி.

"எவ்ளோ நிக்குது?"

"ஒண்ணு ஐம்பத்தாறு. டிரைவர் சைடு. போல்ட் முடிஞ்சுபோச்சுடா."

"எத்தனை மூட்டை வெச்சிருக்க?"

"எட்டு."

மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவன் சிரிக்கிறான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

"என்னைப் பாத்தியா இல்லியா நீ?"

"டேய்..."

"ஆளை வெச்சு செட் பண்ணணும்னு ஊருக்கே பாடம் எடுப்ப. அஞ்சு போதும். அஞ்சே ஜாஸ்திதான்."

"பழைய வெயிட்டுக்கே பாக்குறேன்டா. நீ தேறி வந்து ஓட்டும்போது..."

"அக்கா." மூச்சு. "மூணை எடு. எடுத்துட்டுக் கூப்பிடு."

இணைப்பு அறுந்தது.

கதவைத் திறந்துகொண்டு நின்றாள். மேலே இருந்த மூட்டையின் ஓரத்தில் அவன் போட்ட தையல் கோணல்மாணலாக ஓடியது. அதைத் தூக்கினாள். பத்து கிலோ இவ்வளவு கனக்குமா? தரையில் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவதைப் பத்தாம் நம்பர் வாங்க வந்தார். தரவில்லை, தானே இறக்கினாள்.

பானெட்டை மூன்று தடவை அமுக்கினாள்.

கார் மயிரிழை எழும்பியது. கண்ணுக்குத் தெரியாது. திரைக்குத் தெரிந்தது. ஒன்று ஐம்பத்தாறு நடுங்கியது. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தொன்று. ஒன்று நாற்பத்தொன்பதில் நின்றது.

பச்சை.

"வந்துருச்சுக்கா," என்றார் பத்தாம் நம்பர். சொன்னபிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போலத் தரையைப் பார்த்தார்.

அவள் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. சரி, மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். முன்சக்கரம் இரண்டும் இணையாக ஓடுவதற்கான கம்பிகளை மட்டும் திருப்ப வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவிட்டு அடியில் போனாள். இடது கம்பி கால் சுற்று. வலது அரைச் சுற்று. கைகள் தாமாக வேலை செய்தன. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு காரை அவள் நேராக்கியதில்லை.

வெளியே வந்து பார்த்தாள். திரை முழுக்கப் பச்சை. சிவப்புக்கு ஒரு பொட்டு இடமில்லை.

மறுபடியும் போன் செய்தாள். இந்தத் தடவை எடுத்தார்கள்.

"அவன்கிட்ட குடும்மா. வந்துருச்சுன்னு சொல்லணும்."

"அண்ணி." தம்பி மனைவியின் குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. "நீங்க முன்னாடி கூப்பிட்டப்ப, அண்ணி அடிக்கிறாங்க, எடுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம், பச்சை வந்திருக்கும்னார். தண்ணி கேட்டார். எடுத்துட்டு வந்தேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"டம்ளர் இன்னும் என் கையிலதான் இருக்கு அண்ணி."

தெருவில் யாரோ ஒருவர் வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார். கிளம்பவில்லை.

"வரேன்," என்றாள்.

பத்தாம் நம்பர் போய் கம்ப்ரஸரை அணைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். கடைக்குள் வெளிச்சம் இடுப்பு உயரத்துக்குச் சுருங்கியது. திரும்பி வந்து தன் தொப்பியைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீ கிளம்புக்கா. நான் காரை இறக்கி எடுத்துட்டு வரேன். இல்ல, இங்கயே இருக்கட்டும். நீ கிளம்பு."

அவள் தலையாட்டினாள். கையைத் துடைத்தாள். சாவியை எடுத்தாள். ஷட்டர் வரைக்கும் போனாள்.

பிறகு திரும்பி வந்தாள்.

தரையில் கிடந்த மூட்டையைத் தூக்கி டிரைவர் சீட்டில் வைத்தாள். ஆறு. அடுத்ததை வைத்தாள். ஏழு. எட்டாவதைத் தூக்கும்போது பத்தாம் நம்பர் ஒரு கை கொடுத்தார். இந்தத் தடவை விட்டாள். சரிந்துவிடாமல் இருக்க மேல்மூட்டையை சீட்டின் முதுகோடு சேர்த்து அழுத்தினாள்.

பானெட்டை மூன்று தடவை அமுக்கினாள்.

ஒன்று ஐம்பத்தாறு. சிவப்பு.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கம் மண்டியிட்டாள்.

"அக்கா," என்றார் பத்தாம் நம்பர் மெதுவாக. "அந்த போல்ட்டு முடிஞ்சுபோச்சு."

"தெரியும்."

ஸ்பேனரை மாட்டி, இரண்டு கையாலும் அழுத்தினாள். போல்ட் அசையவில்லை. திரையில் எண்ணும் அசையவில்லை. சீட்டில் எட்டு மூட்டைகளும் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன.